நாற்பத்தேழாம் இலக்கம்

பாலையூற்றுச் சபையின் அங்கத்தவர் பதிவேட்டில்
நாற்பத்தேழாம் இலக்கம் றொமேஷ் தவநேசன்.
ஞானஸ்நானம்: உப்புவெளிக் கடல்,
காற்று எச்சரிக்கை நீங்கிய மறுநாள் காலை.
சாட்சிகள் இருவர். ஒருத்தி நான்.

வெட்டச் சொன்னார் போதகர் கமாலியேல்.
வெட்டினேன், பென்சிலால்.
அதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

ஆகவே பொதுக்கூட்டம்.
ஆராதனை முடிந்து, தேநீரும் வந்து,
இரண்டு மின்விசிறியில் ஒன்று செத்துக் கிடக்க
அதைத் திருத்த வந்த கோணலிங்கம் ஏணியில் நிற்க
நித்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

"இரட்சிப்பு தரப்பட்டது. தரப்பட்டதைத் தொலைக்கலாம்.
மூண்டு வருசம் வரேல்லை. குடி. மூதூரில ஒருத்தி.
கையை விட்டது கர்த்தரில்லை, அவன்,"
என்றார் போதகர். குரலில் கோபமில்லை;
தவணை முடிந்ததைச் சொல்லும் அடகுக் கடைக்காரரின்
மெல்லிய வருத்தம்.

மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த யோவேல் ஊழியர்
கதிரையை முன்னுக்கு இழுத்தார்:
"தொலையக்கூடியதெண்டால் அதுக்குப் பேர் இரட்சிப்பில்லை ஐயா,
கடன்."

பின்வரிசையில் எலிசா மாஸ்ரர்,
துறைமுகத்தில் முப்பது வருடம் கணக்கெழுதியவர்:
"அவன் முதல்லயே இரட்சிக்கப்படேல்லை.
அவ்வளவுதான். கணக்குச் சரி."

கணக்குச் சரி.
அப்படியானால் அந்தக் காலையில்
இடுப்பளவு தண்ணீரில் பல் கிடுகிடுக்க நின்று
முங்கி எழுந்து, மூக்கால் உப்பு வடிய,
"அக்கா, குளிரேல்லை" என்றவன் யார்?
நான் எதற்குச் சாட்சி?

ஏணியின் மேலிருந்து கோணலிங்கம்
வாயிலிருந்த ஆணியைக் கையிலெடுத்தார்.
"உதுக்கு இந்தியாவில பெருமாள் கோயில்காரரும் சண்டை பிடிச்சவை.
குட்டிதான் தாயைப் பிடிக்கவேணும், குரங்கு மாதிரி எண்டு ஒரு பகுதி.
தாய் கவ்விக்கொண்டு போகும், பூனை மாதிரி எண்டு மற்றது."
"ஆர் வெண்டது?"
"ரெண்டு பேரும் நாமத்தை மாத்திப் போட்டிட்டு
இப்பவும் வழக்குப் பேசினம்.
ஒருக்கா கறண்டை நிப்பாட்டுங்கோ."

என்னை ஒருவரும் கேட்கவில்லை.
இலக்கம் பன்னிரண்டு. நீல மை.
பதினொரு வருடம் பிந்தாமல் வந்தவள்.
காணிக்கை எண்ணுகிறவள்.
எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று
உடம்புக்கே தெரிந்தவள்.
மகளை ஆஸ்பத்திரியிலிருந்து மூடிக் கொண்டுவந்த பிறகு
என் ஜெபம்
மேசைக்கடியில் உருண்டுபோன பேனை மூடி.
குனிந்து தேடவில்லை.

அன்றிரவு பிரேத அறை வாசலில்
வசனத்தோடு வந்தவர்கள் பத்து மணிக்குள் போய்விட்டார்கள்.
பிறகு மோட்டார் சைக்கிளில் வந்தது நாற்பத்தேழு,
சாராய நெடியோடு.
ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சாய்ந்து கீழே இருந்தான்.
நான்கு மணிபோல அவன் உதடு அசைந்தது,
நடுவில் என் மகளின் பெயர்.
எனக்கு மறந்துபோன ஒரு மொழியை
அவன் குழறிக் குழறிப் பேசிக்கொண்டிருந்தான்.

இதை நான் கூட்டத்தில் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அதையும் யாராவது
ஒரு நிரலில் போட்டிருப்பார்கள்.

குறிப்பில் எழுதினேன்:
இலக்கம் 47, ஒத்திவைப்பு.
விசிறி திருத்தியது, ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

பஸ் நிலையத்தில் ஒரு மான்
எழுப்புதல் கூட்டச் சுவரொட்டியை
மூலையிலிருந்து கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.
"கோட்டை மான், பார்த்து எடு," என்று
கண்டக்டர் பஸ்ஸின் முதுகில் தட்டினார்.
அது கோட்டைக்குள் போய் எத்தனை மாதமோ.
இந்த நிலையத்திலேயே பிறந்ததோ என்னவோ.
ஒருவரும் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை.

வீட்டில் பதிவேட்டை விரித்தேன்.
அழிறப்பருக்குக் கோடு போனது, பள்ளம் போகவில்லை.
விளக்கைச் சரித்தால் தெரிகிறது.

பக்கத்தைத் திருப்பிப் பன்னிரண்டுக்கு வந்தேன்.
பென்சில் முனையை என் பெயரின் முதலெழுத்தில் ஊன்றி
நாய்கள் குரைத்து ஓயும்வரை இருந்தேன்.

எடுத்தபோது
ஒரு புள்ளி.